சம்பளம் வாங்கிய சத்தியவான்கள்!

2005-ல் இந்தியத் தபால் துறை நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டது. ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது. முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய் எல்லாவற்றுக்கும் கிடைத்தது. நம்ம கோம்பைக்கு மட்டும் பெப்பே! செம்மண் நிறம், கரிய மூஞ்சி, அந்நியன் வாசல்படியில் கால் வைத்தால் கணுக்காலுக்கு உத்தரவாதம் இல்லை. இப்படிப்பட்ட காவல்காரனை ஸ்டாம்பில் போட மறந்தது எப்படி என்று உத்தமபாளையம் பக்கத்து ஆட்கள் கோபித்துக்கொண்டால் தப்பே கிடையாது.

நாயைப் பற்றி எழுத வரவில்லை. நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த ஒரு பெயரைப் பற்றித்தான் பேச்சு.

தென்னாட்டு முரட்டு நாய்களுக்கு அந்தக் காலத்து ஆங்கிலப் புத்தகங்களில் 'பாலிகர் டாக்' என்று பெயர். பாலிகர் யார்? பாளையக்காரர்! மதுரை நாயக்கர் காலத்தில் வைத்த பாளையங்களில் கோம்பையும் ஒன்று. தேவாரம், போடிநாயக்கனூர், கண்டமனூர் என்று கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பாளையங்கள்தான். ராஜாவுக்குப் படை அனுப்ப வேண்டும், காட்டுப் பாதையைக் காவல் காக்க வேண்டும், கிஸ்தி கட்ட வேண்டும். இத்தனை பொறுப்பும் சுமந்த 'பாளையக்காரர்' என்கிற கம்பீரமான சொல், துரைமார் நாக்கில் சப்பி, நசுங்கி, 'பாலிகர்' ஆகி, 1801-க்குள் பாளையக்காரர்களையே ஒழித்துக்கட்டிவிட்டு, கடைசியில் நாயின் கழுத்தில் பட்டை மாதிரி தொங்கியது.

வீரர்களுக்கு வைக்கும் பெயர்களுக்கு இப்படி ஒரு ஜாதக தோஷம் உண்டு. உள்ளூர்க்காரன் ஒன்று சொல்வான், அந்நியன் காதில் வேறொன்று விழும், பேரன் காலத்தில் அர்த்தமே தலைகீழாகும். உலகம் முழுக்க இதே கதைதான். கொஞ்சம் சுற்றிப் பார்க்கலாம், வாருங்கள்.

தேனி மாவட்டத்திலேயே ஆரம்பிப்போம். ஆண்டிபட்டி தாலுகா, வைகைக் கரை, புலிமான்கோம்பை. (மலை வளைந்து அணைத்த மாதிரி கிடக்கும் இடுக்கைக் கோம்பை என்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதனால் ஊருக்கு ஊர் ஒரு கோம்பை இருக்கிறது.) 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றிலும் தமிழ்-பிராமி எழுத்து. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் இவைதான் என்றார்கள். அதில் ஒன்று, கூடலூர் 'ஆகோள்' சண்டையில் செத்த அந்தவன் என்கிறவனுக்காக நட்டது. ஆகோள் என்றால் மாடு பிடிக்கும் பூசல். கம்பத்தை அடுத்த கூடலூர் ஞாபகத்துக்கு வருகிறதல்லவா?

அந்த அந்தவனுக்குப் பட்டம் கிடையாது, ரெஜிமென்ட் கிடையாது, சம்பளமும் இருந்திருக்காது. தன் ஊர் மாடு, தன் ஊர் சண்டை, தன் ஊர் கல். வீரத்தில் இது ஒரு வகை.

இன்னொரு வகை, வெளியூர்க்காரனைக் கூலிக்கு வைப்பது. அதிலும் நாம் சளைத்தவர்கள் இல்லை. மதுரைக் கோட்டை வாசலில் வாளோடு யவனர் காவல் நின்றதாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. முல்லைப்பாட்டில் ராஜாவின் பாசறையிலேயே யவனர் இருக்கிறார்கள். யவனர் யார்? கிரேக்கர். அயோனியா என்கிற கிரேக்கப் பகுதியின் பெயர் பாரசீகத்தில் 'யவுனா' ஆகி, வடமொழியில் 'யவன' ஆகி, மதுரை வந்து சேர்வதற்குள் கடல் தாண்டி மேற்கேயிருந்து வந்தவன் எல்லாருமே யவனன்!

ஆக, நம் ஊர் வாசலில் கிரேக்கன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். சில நூற்றாண்டுகள் கழித்து அதே கிரேக்கனுக்குத் தன் வாசலில் நிறுத்த ஓர் ஆள் தேவைப்பட்டது. அப்போது பிறந்த சொல்தான் 'வாரங்கோஸ்'.

கோடாலிப் படை

வருஷம் 988. இங்கே தஞ்சாவூரில் ராஜராஜ சோழன் பட்டத்துக்கு வந்து மூன்று வருஷம். அங்கே கான்ஸ்டான்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) இரண்டாம் பேசில் என்கிற சக்கரவர்த்திக்குத் தலைக்கு மேல் கத்தி. சொந்தத் தளபதியே எதிர்ப்படை திரட்டிக்கொண்டு வருகிறான். உள்ளூர்ப் படையில் யார் நம்ம ஆள், யார் அவன் ஆள் என்றே தெரியவில்லை. பேசில் வடக்கே கீவ் நகரத்து விளாடிமிருக்கு ஆள் அனுப்பினார். விளாடிமிர் 6,000 பேரை அனுப்பிவைத்தார். பதிலுக்கு என்ன கேட்டார் தெரியுமா? சக்கரவர்த்தியின் தங்கை அன்னாவைப் பெண் கேட்டார்! சீர்வரிசை மாதிரி ஒரு படை.

வந்தவர்கள் ஸ்வீடன் பக்கத்திலிருந்து ஆறு ஆறாகப் படகு ஓட்டி ரஷ்யாவுக்குள் இறங்கிய நார்ஸ்காரர்கள். பனைமர உயரம், தோளில் கோடாலி. கலகம் அடங்கியது. 'இனிமேல் என் அறை வாசலில் இவன்தான் நிற்பான்' என்று பேசில் முடிவு செய்துவிட்டார். உள்ளூரில் மாமன் மச்சான் கிடையாது, அரசியல் கிடையாது, பாஷையும் தெரியாது. மெய்க்காப்பாளனுக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்?

இவர்களுக்குக் கிரேக்கர் வைத்த பெயர்தான் வாரங்கோஸ். ஆனால் அது கிரேக்கச் சொல்லே இல்லை. அவர்களுடைய பாஷையிலேயே 'வேரிங்கி' என்றிருந்ததைக் கிரேக்கன் தன் வாய்க்கு வந்த மாதிரி திருத்திக்கொண்டான். ரஷ்யாக்காரன் 'வர்யாக்' என்றான். இந்தியாவைப் பற்றி அக்குவேறு ஆணிவேறாக எழுதினாரே அல்பிரூனி, அவர் பால்டிக் கடலுக்கே 'வரங்க்' கடல் என்று பெயர் எழுதி வைத்திருக்கிறார். யவனரை நாம் செய்ததைக் கிரேக்கர் வேரிங்கியிடம் செய்தார்கள். பழிக்குப் பழி!

வேரிங்கி என்றால் என்ன? பெரும்பாலான மொழி ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வது இது: 'வார்' என்றால் பழைய நார்ஸ் மொழியில் சத்தியம், வாக்குறுதி. வேரிங்கி என்றால் சத்தியம் செய்துகொண்டு ஒன்றாகச் சேர்ந்தவன். ஒருவனுக்கொருவன் வாக்குக் கொடுத்து, லாப நஷ்டத்தையும் ஆபத்தையும் பங்கு போட்டுக்கொள்கிற கூட்டாளி. அதாவது ஜாதிப் பெயரோ ஊர்ப் பெயரோ இல்லை. அது ஓர் ஒப்பந்தத்தின் பெயர். 1066-ல் இங்கிலாந்தை நார்மன்கள் பிடித்த பிறகு, நாடு இழந்த ஆங்கிலேயர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இதே படையில் சேர்ந்தார்கள். அவர்களும் வாரங்கோஸ்தான். யார் வயிற்றில் பிறந்தாய் என்பதை விட, யாருக்குச் சத்தியம் செய்தாய் என்பதுதான் அங்கே கேள்வி.

சம்பளம் எக்கச்சக்கம். அந்த அரண்மனையில் காவல் உத்தியோகத்தில் சேரவே முன்பணம் கட்டும் வழக்கம் இருந்தது. (டெபாசிட் கட்டி வேலைக்குச் சேர்வது இன்று நேற்று வந்ததில்லை, ஸார்!) ஹரால்ட் என்று ஒருத்தர் வாலிப வயதில் போய்ச் சேர்ந்து, மூட்டை மூட்டையாய்த் தங்கத்தோடு திரும்பி, 1046-ல் நார்வேக்கு ராஜாவாகவே ஆனார்.

எல்லாருக்கும் ராஜயோகம் அடிக்குமா? ஹாகியா சோஃபியா தேவாலயத்தின் மாடியில், பளிங்குக் கைப்பிடிச் சுவரில், ஹால்ஃப்தான் என்று ஒருத்தன் தன் பெயரை நார்ஸ் எழுத்தில் கீறி வைத்திருக்கிறான். கீழே பூசை மணிக்கணக்காக நடக்கிறது, மாடியில் இவனுக்கு டியூட்டி, ஒரு வார்த்தை புரியவில்லை. கத்தியை எடுத்துக் கீற ஆரம்பித்திருப்பான் என்பது என் ஊகம். திருமலை நாயக்கர் மகால் தூணில் இதயம் வரைந்து பெயர் எழுதுகிற நம்ம பையன்களுக்கு ஆயிரம் வருஷத்து முன்னோடி!

இவர்களைப் பற்றிய கதைகளில் என்னை உலுக்கியது ஒன்று. ஸ்கைலிட்ஸஸ் என்கிற கிரேக்க வரலாற்றாசிரியர் 1034-ஆம் வருஷத்துச் சேதியாக எழுதியது. ஆசியா மைனரில் குளிர்காலத்தைக் கழிக்க வாரங்கியர் அங்கங்கே தங்கியிருந்தார்கள். ஒருத்தன் தனியாக வந்த உள்ளூர்ப் பெண்ணிடம் முறை தவறி நடக்கப் பார்த்தான். அந்தப் பெண் அவன் ஆயுதத்தையே பிடுங்கி அவனைக் கொன்றுவிட்டாள். சேதி பரவியது. மற்ற வாரங்கியர் எல்லாரும் கூடினார்கள். ஊரே நடுங்கியிருக்கும். ஆனால் நடந்தது என்ன? அந்தப் பெண்ணுக்கு மாலை மரியாதை செய்து, செத்தவனின் சொத்து முழுவதையும் அவளிடமே கொடுத்தார்கள். பிணத்தைப் புதைக்காமல் வீசிவிட்டுப் போனார்கள். கூட்டாளிச் சத்தியம் இருக்கிறதே, அது கூட்டாளியின் அயோக்கியத்தனத்துக்குச் சேராது என்று அன்றைக்கு அந்தக் கோடாலிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்று. 1081-ல் அலெக்ஸியோஸ் என்பவர் கான்ஸ்டான்டிநோபிளைப் பிடிக்க வந்து மதில் வெளியே நிற்கிறார். எந்தப் பகுதிக் காவலை விலைக்கு வாங்கலாம்? 'வாரங்கியர் பக்கம் மட்டும் போகாதே, அவர்கள் விசுவாசத்தைப் பரம்பரைச் சொத்தாக வைத்திருப்பவர்கள்' என்று புத்தி சொல்லப்பட்டது. அலெக்ஸியோஸ் வேறு பக்கம் நின்ற ஜெர்மானியக் காவலரிடம் பேரம் பேசி உள்ளே நுழைந்தார். இதை எழுதி வைத்தது அவர் மகள் அன்னா கொம்னேனா. வாங்க முடியாதவனைப் பற்றி, வாங்கப் போனவரின் மகளே கொடுத்த சர்ட்டிபிகேட்!

வேளையா, வேலையா?

இப்போது நம்ம ஊருக்குத் திரும்புவோம். பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு (படம் மட்டும் பார்த்தவர்கள் மன்னிக்க) வேளக்காரப் படை ஞாபகம் இருக்கும். கல்வெட்டுகளில் 'வேளைக்காரர்'. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இவர்கள் வரிசையாக வருகிறார்கள்: ராஜராஜனின் பட்டப்பெயர்களைச் சூட்டிக்கொண்ட 'தெரிந்த வலங்கை வேளைக்காரப் படைகள்'. 'தெரிந்த' என்றால் நமக்குத் தெரிந்த ஆள், சிபாரிசு ஆள் என்று நினைக்காதீர்கள்; பொறுக்கி எடுத்த என்று அர்த்தம்.

சரி, வேளைக்காரர்? இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். 'ள' போய் 'ல' வந்தால் கதை கந்தல். வேலைக்காரர் இல்லை, ஸார். வேளைக்கு வேளை சாப்பிடுகிறவரும் இல்லை. வேளை என்றால் சமயம். ராஜாவுக்கு ஆபத்து என்கிற அந்த வேளை வரும்போது உயிரைக் கொடுத்துக் காப்பவர்கள் என்று நீலகண்ட சாஸ்திரியார் விளக்கினார். அந்த வேளையில் உயிர் விடுவதாகச் சபதம் எடுத்தவர் என்றும் சொல்வார்கள். எப்படிப் பார்த்தாலும் வேரிங்கியும் வேளைக்காரரும் ஒரே மாதிரி ஆட்கள். ஒருத்தன் பெயரில் சத்தியம் இருக்கிறது, இன்னொருத்தன் பெயரில் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றும் நேரம் இருக்கிறது. என்னைக் கேட்டால் நம்ம சொல்தான் ஒரு படி மேல். சத்தியம் செய்வது யாருக்கும் சுலபம். வேளை வரும்போது அல்லவா தெரியும்!

இது தமிழ்நாட்டுப் பெருமைக்காகச் சொல்வதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோவும், ராஜாவின் சிதையில் தாமும் விழுந்து உயிர் விடும் அணுக்கத் துணைவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பாண்டியர்களிடம் 'தென்னவன் ஆபத்துதவிகள்' என்று ஒரு படையே இருந்தது.

எல்லாம் சரி. சத்தியம் யாருக்கு? ராஜாவுக்கா, சம்பளத்துக்கா, சொந்த ரத்தத்துக்கா? அந்தச் சிக்கல் வந்த இடம் இலங்கை.

சோழர்களைத் துரத்திவிட்டு 1070-ல் பொலன்னறுவையைப் பிடித்தவர் சிங்கள மன்னர் முதலாம் விஜயபாகு. வேடிக்கை என்னவென்றால், சோழரை விரட்டியவரிடமும் வேளைக்காரப் படை இருந்தது. தமிழர் அதில் பிரதானம். வடுகரும் மலையாளரும் உண்டு. 1084-85 வாக்கில் மன்னர் சாளுக்கியருக்கு அனுப்பிய தூதர்களைச் சோழர்கள் வழியில் பிடித்து மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பினார்கள். விஜயபாகு கொதித்துப் போனார். 'சோழ நாட்டின் மேல் படையெடுப்பு, கிளம்புங்கள்' என்று உத்தரவு போட்டார்.

வேளைக்காரர் கிளம்பவில்லை.

கிளம்பாதது மட்டுமா? தளபதிகளைக் கொன்றார்கள். நகரத்தைக் கொள்ளையடித்தார்கள். மன்னரின் தங்கையையும் அவர் பிள்ளைகள் மூவரையும் சிறைபிடித்தார்கள். அரண்மனையைக் கொளுத்தினார்கள். மன்னர் தப்பி ஓடி, வேறு படை திரட்டிக்கொண்டு வந்து அடக்கினார். கலகத் தலைவர்களின் கையைப் பின்னால் கட்டி, செத்த தளபதிகளின் சிதையைச் சுற்றி நிறுத்தி எரித்தார் என்று சூளவம்சம் சொல்கிறது. எந்தப் பக்கத்துக்கும் ஈவு இரக்கம் இல்லாத கதை.

துரோகம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். ஆனால் அவன் நிலைமையில் நின்று பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் தம்பி, சொந்த ஊர்க் கோயில். இந்தப் பக்கம் சாப்பிட்ட உப்பு. சத்தியம் செய்தபோது இந்தக் கேள்வி வரும் என்று யாரும் சொல்லவில்லை. கிரேக்கரிடமும் இதே கதை உண்டு: 1042-ல் ஐந்தாம் மிக்கேல் சக்கரவர்த்தி, தன்னைத் தத்தெடுத்து வளர்த்த மகாராணி ஸோயியை நாடு கடத்தியபோது, ஊர் ஜனங்களோடு அந்நியக் காவல் படையும் பொங்கி எழுந்தது. மிக்கேலின் கண்களைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவர் நம்ம ஹரால்ட்தான் என்று நார்ஸ் பாடல்கள் பெருமையடிக்கின்றன. கேட்டால், 'எங்கள் சத்தியம் ராணியின் வம்சத்துக்கு' என்றிருப்பார்கள்.

பொலன்னறுவைக் கதை அங்கேயே முடியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். விஜயபாகு 1110-ல் காலமானார். அடுத்து யார் என்று அரண்மனையில் இழுபறி. அவர் காலத்தில் பொலன்னறுவையில் புத்தரின் பல்லுக்கு ஒரு கோயில் எழும்பியிருந்தது. பல் யார் கையிலோ, ராஜ்யம் அவர் கையில் என்பது இலங்கை வழக்கம். பௌத்த பிக்குகள் யோசித்தார்கள். அந்தக் கோயிலை யாரிடம் ஒப்படைப்பது?

வேளைக்காரரிடம் ஒப்படைத்தார்கள்!

அரண்மனையைக் கொளுத்திய அதே படை. ஒரு தலைமுறைகூட முழுதாகப் போகவில்லை. வேளைக்காரர் கூடி, கோயிலையும் அதன் ஊர்களையும் சேவகர்களையும் சரணடைந்தவர்களையும் தங்கள் பாதுகாப்பில் ஏற்றுக்கொண்டார்கள். உயிரே போனாலும், தங்கள் வம்சம் உள்ளவரை காப்போம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். தமிழில்! பௌத்தக் கோயிலைக் காக்கத் தமிழ்ப் படை செய்த சத்தியம், தமிழ்க் கல்வெட்டாகப் பொலன்னறுவையில் நிற்கிறது. கண்டிக்குப் போகிற நம்மூர் டூரிஸ்ட் பஸ் அந்த ஊரில் நின்றால், போட்டோவுக்குப் புத்தர் சிலைகள் மட்டும் போதும் என்று வந்துவிடாதீர்கள். அந்தக் கல்லையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

பியூனுக்கு ஒரு சல்யூட்

வேளைக்காரர் அப்புறம் என்ன ஆனார்கள்? படை கலைந்தது, சொல் கல்வெட்டில் தங்கிவிட்டது. பல வீரச் சொற்களுக்கு அந்தப் பாக்கியம்கூட இல்லை. 'சேவகன்' என்றால் ஒரு காலத்தில் மாவீரன். ராமனையே சேவகன் என்றார்கள். பிறகு கலெக்டர் ஆபீஸ் டவாலிச் சேவகனாகிக் கதவு திறந்துவிட்டான். உங்கள் ஆபீஸில் டீ வாங்கிவரச் சொல்லி நீங்கள் அதட்டுகிறீர்களே, அந்தப் பியூன்? போர்த்துக்கீசியச் சொல் அது. 'பெயாவ்' என்றால் காலாட்படை வீரன். கம்பெனி காலத்துப் பியூன்கள் ஈட்டியும் வாளும் பிடித்த ஆட்கள். சதுரங்கத்தில் முன் வரிசையில் நிற்கும் சிப்பாய்க்கு ஆங்கிலத்தில் 'பான்' என்பார்களே, அதுவும் இதே வேர்தான். சர்க்கார் இப்போது பியூன் என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'மல்டி டாஸ்கிங் ஸ்டாஃப்' என்கிறது. இதில் ஈட்டி எங்கே, வாள் எங்கே?

வர்யாக்கும் விழுந்தான். சத்தியம் செய்த கூட்டாளி, ரஷ்யக் கிராமத்துப் பேச்சில் வீடு வீடாகச் சாமான் விற்கும் தலைச்சுமை வியாபாரி ஆகிவிட்டான்.

ஆனால் ரஷ்யக் கடற்படை அந்தப் பெயரை மறக்கவில்லை. 1904 பிப்ரவரியில், கொரியாவின் செமுல்போ துறைமுகத்தில், வர்யாக் என்கிற போர்க்கப்பலை ஜப்பானியர் வளைத்துக்கொண்டார்கள். சரணடைய மறுத்து வெளியே வந்து சண்டை போட்டு, அடிபட்டுத் திரும்பி, எதிரி கைக்குப் போகக்கூடாது என்று மாலுமிகளே கப்பலை மூழ்கடித்தார்கள். அதைப் பற்றி ரஷ்யாவில் பாட்டே உண்டு.

அந்தப் பெருமையில் சோவியத் யூனியன் தன் புதிய விமானம் தாங்கிக் கப்பலுக்கும் வர்யாக் என்று பெயர் வைத்தது. கட்டி முடிப்பதற்குள் சோவியத் யூனியனே காலி. உக்ரைனின் மிக்கலாயிவ் துறையில் எஞ்சின் ஓடாமல் துருப்பிடித்துக் கிடந்த வெறும் கூட்டை 1998-ல் ஒரு ஹாங்காங் கம்பெனி வாங்கியது. எதற்காம்? மக்காவில் மிதக்கும் சூதாட்ட விடுதி நடத்தவாம்! இழுத்துக்கொண்டு போக ஒரே வழி, இஸ்தான்புல் நடுவே ஓடும் பாஸ்பரஸ் நீரிணை. 'இந்தப் பூதத்தை ஊருக்குள் விடமாட்டோம்' என்று துருக்கி மறித்தது. எந்த நகரத்து வாசலில் வாரங்கியர் நூற்றாண்டுக் கணக்கில் காவல் நின்றார்களோ, அதே நகரத்து வாசலில் வர்யாக் உள்ளே வர அனுமதி கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் கருங்கடலில் சுற்றிச் சுற்றி வந்தது. 2001 நவம்பரில்தான் வழி விட்டார்கள்.

சூதாட்ட விடுதி திறக்கவே இல்லை. சீனக் கடற்படை அதைச் செப்பனிட்டு, 2012-ல் தன் முதல் விமானம் தாங்கிக் கப்பலாகச் சேர்த்துக்கொண்டது. பெயரையும் லியாவோனிங் என்று மாற்றிவிட்டது.